அந்தப் பையன்

கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் நமக்கு முதலில் தரிசனம் தருவது ஓர் உச்சந்தலை. கல்லாவுக்குப் பின்னால், மானிட்டருக்குக் கீழே எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். நாம் தொண்டையைக் கனைப்போம். அசையாது. இன்னும் கொஞ்சம் பலமாகக் கனைத்தால், நிமிராமலேயே ஒரு குரல் வரும்: “சொல்லுங்க சார், என்ன பாக்குறீங்க?” உங்கள் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவோம். நமக்கு லேப்டாப் வேண்டும்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ரிச்சி தெரு. தெருவின் பாதியைப் பைக்குகளும் மீதியை அட்டைப் பெட்டிகளும் எடுத்துக்கொள்ள, மிச்சமிருக்கும் இடத்தில் சமோசாத் தட்டும் மனிதர்களும் போய்வருகிறார்கள். முனையில் நிற்கும் இளைஞர்கள், ஏதோ ரகசியம் போல, “லேப்டாப்பா சார்? சிசிடிவியா? சர்வீஸா?” என்று காதோரம் கேட்பார்கள். வேண்டாம் என்று தலையசைத்தாலும் பத்தடி கூடவே வருவார்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன தெரு இது. கல்லூரி நாளில் ஒரு ரெசிஸ்டர் வாங்க வந்திருக்கிறேன். பனியனோடு உட்கார்ந்திருந்த கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “எந்த சர்க்யூட்டுக்கு?” என்றார். சொன்னேன். “இதை அதுல போட்டா புகைதான் வரும். யார் உனக்கு வாத்தியார்?” என்று என் வாத்தியாரையும் சேர்த்துத் திட்டிவிட்டு, பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு போட்ட ஒன்றை எடுத்து வீசினார். ஆயிரம் ஓம். எட்டணா கூட இருக்காது. வீட்டுக்கு வந்து பொருத்தினேன், வேலை செய்தது. அவருக்கு மரியாதை தெரியாது, சரக்கு தெரியும்.

இப்போது கதை தலைகீழ். நம்முடைய உச்சந்தலைக்காரருக்கு மரியாதை ஏராளம். ‘சார்’ இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. ஒரு செல்போன் காதுக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும், இன்னொன்று மேஜையில் அதிரும். அந்தப் பக்கம் மதுரைக்காரர் ஒருவரிடம் “பார்சல் போட்டாச்சு அண்ணாச்சி” என்பார், இந்தப் பக்கம் நம்மிடம் “பட்ஜெட் சொல்லுங்க சார்” என்பார், நடுவே உள்ளே திரும்பி “டேய், அந்தப் பார்சலைப் போடுடா” என்பார். மூன்றுமே ஒரே மூச்சில்.

விலையை அவர் வாயால் சொல்ல மாட்டார். கால்குலேட்டரில் தட்டி நம் பக்கம் திருப்புவார், டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டுகிற மாதிரி. நாம் முகத்தைச் சுளித்தால், திருப்பி வாங்கி எதையோ தட்டி மறுபடி காட்டுவார். இருநூறு குறைந்திருக்கும். இந்த இருநூறு ரூபாய்க்கு அவர் எத்தனை பட்டன் அழுத்தினார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதினாறு.

செல்போனை எடுத்து ஆன்லைன் விலையைக் காட்டினால் கோபப்பட மாட்டார். பரம சாந்தமாக, “அங்கேயே வாங்கிக்குங்க சார். பெட்டிக்குள்ள செங்கல் வந்தா மட்டும் இங்க வராதீங்க” என்பார். நமக்குச் செங்கல் பயம் பிடித்துக்கொள்ளும்.

கேட்ட பொருள் இல்லை என்று மட்டும் அவர் வாயில் வரவே வராது. “குடோன்ல இருக்கு சார், பத்து நிமிஷம்” என்று ஒருவனை அனுப்புவார். அவன் வாசலில் இறங்கி இடதுபுறம் திரும்பி மூன்றாவது கடைக்குள் போவதை நாம் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கடையின் ஸ்டிக்கரோடு பெட்டி வந்து சேரும். அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “நேத்துதான் சார் லோடு வந்துச்சு” என்பார்.

அவருடைய தொழில்நுட்ப அறிவு தனி ரகம். ஒருநாள் நான் காத்திருந்தபோது, கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர் போலத் தெரிந்த ஒரு பெரியவர், முதல்நாள் வாங்கிய ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கோடு வந்தார். கம்ப்யூட்டரில் செருகினால் 931 ஜிபிதான் காட்டுகிறதாம்.

“ஆயிரத்துக்குத்தான் காசு குடுத்தேன். மீதி 69 எங்கே?”

“அதை விண்டோஸ் எடுத்துக்கும் சார்.”

“விண்டோஸ் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. இது காலி டிஸ்க்.”

நம்மவர் ஒரு கணம்தான் யோசித்தார். “சேதாரம் சார்” என்றார்.

பெரியவர் அடங்கிவிட்டார். தங்கம் வாங்கிப் பழகிய ஊரில் அந்தச் சொல்லுக்கு எதிர்வாதம் கிடையாது. உண்மையில் அது சேதாரமும் இல்லை, திருட்டும் இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி டெராபைட் என்கிறார்கள். விண்டோஸ் 1024, 1024-ஆக வகுத்துக் காட்டுகிறது. படி வேறு, மரக்கால் வேறு, அரிசி அதேதான். அதே கணக்கில் 512 ஜிபி டிஸ்க்கும் 476 என்றுதான் தெரியும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டுமே. நான் இடையில் புகுந்து விளக்கப் போனேன். பெரியவர் என்னைக் கடை ஆள் என்று நினைத்து, “அப்போ அந்த 69-ஐ நீ குடு” என்றார். ஒதுங்கிக்கொண்டேன்.

2025 ஜூனில் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது நானும் இப்படி ஒரு கடையில் மாட்டினேன். எட்டு ஜிபி ராம் போதுமா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும், “தாராளம் சார். பத்தலைன்னா அப்புறம் எப்ப வேணா ஏத்திக்கலாம். ஸ்லாட் இருக்கு” என்றார். 47,500 என்றது கால்குலேட்டர். பில் வேண்டாமென்றால் இன்னும் பார்க்கலாம், பில் என்றால் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி இருக்கிறதே என்று அரசாங்கத்துக்காக வருந்தும் முகத்தோடு சொன்னார். நான் பில் வேண்டும் என்று நின்றேன். 46,800-க்கு முடிந்தது. ஒரு மவுஸும் பையும் இலவசம். மவுஸ் ஜூலைவரை ஓடியது.

அந்த அரை மணி நேரத்தில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்தபோது நான் ‘சார்’. பேரம் சூடுபிடித்தபோது ‘அண்ணா’, “அண்ணா, உங்ககிட்ட சம்பாதிச்சா நான் வீடு கட்டப் போறேன்?” பணம் கைமாறிய கணத்தில் ‘பாஸ்’. பில் பிரின்டரில் இருந்து வெளியே வரும்போது நான் ‘இவர்’; “இவருக்குப் பையில போட்டுக் குடுடா.” அதற்குள் அடுத்த ஆள் வந்து தொண்டையைக் கனைக்க, மறுபடி உச்சந்தலை. பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

டிசம்பரில் மகள், ஏதோ சாஃப்ட்வேரைத் திறந்தால் லேப்டாப் மூச்சு வாங்குகிறது, ராம் ஏற்ற வேண்டும் என்றாள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என்னைப் புது முகமாகவே பார்த்தார். “சொல்லுங்க சார், என்ன பாக்குறீங்க?” மறுபடியும் ‘சார்’ ஆனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. விஷயத்தைச் சொன்னதும் லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இதுல ஸ்லாட்டே இல்லையே. ராமை மதர்போர்டுலயே சோல்டர் பண்ணி வெச்சிருக்கான். ஏத்த முடியாது. யாரு சார் இதை உங்க தலையில கட்டுனது?”

“நீங்கதான்.”

பில்லை நீட்டினேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்து, பிறகு கிட்டத்தில் பிடித்து, ஒரு பழைய கல்வெட்டைப் படிப்பதுபோலப் படித்தார்.

“ஸ்லாட் இருக்குன்னு நான் சொல்லியிருக்க மாட்டேனே. அந்தப் பையன் சொல்லியிருப்பான்.”

“எந்தப் பையன்?”

“இங்க ஒரு பையன் இருந்தான் சார். வேலையை விட்டு நின்னுட்டான்.”

கம்ப்யூட்டர் கடைகளில் இத்தனை வருஷம் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், எல்லாக் கடையிலும் இந்தப் பையன் இருந்திருக்கிறான். டிடிஆர் ஐந்து ராம் கேட்டவருக்கு டிடிஆர் நான்கைக் கொடுத்தவன் அவன். ‘ஐ-செவன்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் நம்பி வந்தவரிடம் ஆறாம் தலைமுறைப் பழைய லேப்டாப்பைத் தள்ளி, விண்டோஸ் பதினொன்றுக்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டவன் அவன். இன்வாய்ஸில் சீரியல் நம்பர் எழுத மறந்தவன், வாரன்டி அட்டையில் முத்திரை குத்தாதவன், நம் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிடாதவன், எல்லாம் அவன்தான். யாரும் அவனைப் பார்த்ததில்லை. நாம் போவதற்கு முந்தின வாரம்தான் அவன் நின்றிருப்பான். இவ்வளவு உழைத்த ஒருவனுக்கு எந்தக் கடையிலும் வழியனுப்பு விழா நடந்ததாகத் தெரியவில்லை.

நானும் வெறுங்கையோடு போகவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம், பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் முப்பது நாள் அவகாசம் உண்டு, இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அப்படித்தான், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம்கூடக் கிடையாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் இரண்டு செல்போன்களையும் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“நல்ல சட்டம் சார்” என்றார். “ஆனா குறையுள்ள பொருள்னுதானே சொல்றீங்க? இது நல்லா ஓடுதே. முப்பது நாள்னு வேற சொல்றீங்க. பில்லு ஜூன் மாசம்.”

“ஸ்லாட் இருக்குன்னு சொல்லித்தானே வித்தீங்க?”

“அதான் சார், அந்தப் பையன்...”

“நான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுவேன்.”

“பண்ணுங்க சார். உள்ள டவர் கிடைக்காது, வாசல்ல நின்னு பேசுங்க.” பிறகு, என் முகத்தைப் பார்த்து மனம் இளகியவராக, குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்போ ராம் விலை என்ன தெரியுமா? ஏஐ கம்பெனிக்காரன் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறான். காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. ஸ்லாட் இருந்திருந்தா இன்னிக்கு உங்களுக்கு எவ்வளவு செலவு ஆகியிருக்கும்! இல்லாததால காசு மிச்சம்.”

விலை ஏறியிருப்பது உண்மை என்பதுதான் இதில் கொடுமை. நன்றி சொல்லாமல் வெளியே வந்ததே என் அன்றைய வீரம். வாசலில் டவர் நன்றாகக் கிடைத்தது. போனைக் கையில் எடுத்தேன். தமிழுக்கு எதையோ அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். அதற்குள் ஒரு டெலிவரி பைக் என் காலில் ஏறப் பார்த்தது. வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

ஜனவரியில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவர் மகனுக்கும் லேப்டாப் வேண்டுமாம். “நீங்க வாங்கினீங்களே, எந்தக் கடை? எவ்வளவு ஆச்சு?” என்றார். அந்தக் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், படித்த மனுஷன் மூன்று முறை கேட்டும் ஏமாந்த கதை தெரு முழுக்கத் தெரியும். அதனால் விசிட்டிங் கார்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். விலையைச் சொல்லும்போது, பேரம் பேசத் தெரிந்தவன் என்ற பெயருக்காக இரண்டாயிரம் குறைத்துச் சொன்னேன். “44,800. என் பேரைச் சொல்லுங்க.”

இரண்டு நாள் கழித்து அவர் வந்து காபியோடு உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

“உங்க பேரைச் சொன்னேன். அந்த விலைக்கு எவனாலயும் தர முடியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டார். இதோ, இவருக்கு மட்டும் குடுத்தீங்களேன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“அங்க ஒரு பையன் இருந்தானாமே. தெரியாம ரெண்டாயிரம் குறைச்சு உங்களுக்குப் பில் போட்டுட்டானாம். அதுக்காகத்தான் அவனை வேலையை விட்டு நிறுத்தினாங்களாம். பாவம் சார், சின்னப் பையனாம்.”

“காபி ஆறுது, குடிங்க” என்றேன்.