பில்ட் தம்பி

டயகம பஸாரில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் இளைஞர், "இன்னைக்கு டொலர் என்ன வெலைங்கண்ணே?" என்று கேட்டால், அவருக்கு வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலை ஏற்றுமதி செய்கிறவரும் அல்ல. அவர்தான் பில்ட் தம்பி. கேம் விளையாடுவதற்கென்று தன் கையாலேயே ஒரு கொம்பியூட்டரைப் பொருத்தப்போகிறவர், பொருத்திக்கொண்டிருப்பவர், அல்லது பொருத்தியதைக் கழற்றிக்கொண்டிருப்பவர். டயகம கிழக்கில் ஒருவர், மேற்கில் ஒருவர், அக்கரப்பத்தனையில் சிலர் என்று பரவலாக இருக்கிறார்கள். தலவாக்கலைக்குப் போனால் எண்ண முடியாது.

பிறவியில் இவர் பீ.எஸ்.2 என்ற கேம் பெட்டிக்காரர். 2000ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்து, உலகம் முழுதும் 15 கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்து, 2013இல் சோனி கம்பனியே தயாரிப்பை நிறுத்திய பிறகும் அந்தக் கறுப்புப் பெட்டி மலையகத்தில் ஓய்வு பெற மறுத்தது. கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணன்மார் தீபாவளிக்கு வரும்போது சிப் அடித்த பெட்டியும் கொப்பி அடித்த டிஸ்க்கும் கொண்டு வருவார்கள். டிஸ்க் ஓடாவிட்டால் சாரத்தில் துடைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் கவிழ்த்துப் போட வேண்டும். இதற்கு மேல் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்பட்டதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவரும் இல்லை.

தம்பி கெட்டது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில். அவரும் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தபோது, முதலாளிக்கு சார்ஜர் வாங்கப் போன இடத்தில், கண்ணாடிப் பக்கம் வைத்த ஒரு பெட்டி நீலமும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்தது. சார்ஜரை வாங்கினாரோ இல்லையோ, அன்றிலிருந்து பேச்சு மாறிவிட்டது.

"கொன்சோல்னா அவன் பொங்கிப் போட்டதத்தாம்மா சாப்பிடணும். பீசீன்னா நம்மளே நமக்குப் புடிச்ச மாதிரி சமைச்சிக்கலாம்."

"இந்த வீட்டுல ஒருநாளு அடுப்பு பத்த வச்சிருக்கியாடா நீ?" என்றார் அம்மா.

அதன் பிறகு வருவது பட்டியல் பருவம். ஒரு சீ.ஆர். கொப்பியில் பிரோசசர், மதர்போர்ட், ரேம், படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை என்று வரிசையாக எழுதி, எதிரே விலை எழுதி, அடுத்த வாரம் அதை அடித்துவிட்டுப் புது விலை எழுதும் பருவம். நம் தம்பிக்கு இது மற்ற நாட்டுத் தம்பிகளைவிட நீண்டுவிட்டது. 2021இல் கார்டு கிடைக்கவில்லை. கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் உலகம் முழுதும் அள்ளிக்கொண்டு போனார்கள். 2022இல் கார்டு வந்தது, நாட்டில் டொலர் இல்லை. இரண்டும் கிடைத்திருந்தாலும் அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது அது கிட்டத்தட்ட 5 டொலர். அடுத்த வருசம் மே மாதம் டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் கீழே. சம்பளம் கூடிய கையோடு தேய்ந்துபோன இந்த வித்தையை எந்தத் தலைவரும் கூட்டத்தில் விளக்குவதற்கு முன்பே கொப்பியில் எழுதி வைத்திருந்தவர் தம்பிதான். தொழிலாளர் நலனுக்காக அல்ல, கார்டுக்காக.

அம்மாவுக்கு டொலர் தெரியாது. அவர் எதையும் பேர்க் கணக்கில்தான், அதாவது எத்தனை நாள் வேலை என்றுதான் அளப்பார். "இந்த ஃபேனுக்கு எத்தன பேருடா?" என்று கேட்பார். தம்பி பதில் சொல்வார். "மூணு நாளு மலையில கொழுந்தெடுத்தா ஒரு ஃபேனா? டயகமயில குளிருல நடுங்கிக்கிட்டு ஃபேனா?" இதற்குத் தம்பியிடம் பதில் இருக்கிறது, ஆனால் அது பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அவர் ஆயத்தமாக வைத்திருக்கும் வேறு பதில்களுக்குத் தாவுவார்: ஐ.சீ.டி. படிக்கலாம், கல்யாண அல்பம் செய்யலாம், டிசைன் செய்து சம்பாதிக்கலாம். தகப்பனுக்குச் சொன்ன காரணம் மாமாவுக்குச் சொன்னதோடு ஒத்துப்போகாது. ஆனால் சீட்டுக்காசு கைக்கு வரும் மாதம் எல்லாக் காரணங்களும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

காசு பற்றாததால் கார்டு மட்டும் பாவித்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ காசு, கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டதும் உலகெங்கும் கார்டுகள் வேலையிழந்து சந்தைக்கு வந்தன. அதில் ஒன்று ஆர்.எக்ஸ். 580, 8 ஜீ.பி., 2017ஆம் ஆண்டு மொடல். ராப்பகலாக உழைத்து, இ.பி.எஃப்., இ.டி.எஃப். எதுவும் இல்லாமல் நிறுத்தப்பட்டது. அப்பாயி அதைத் தடவிப் பார்த்து, "களைச்சுப்போனதையா காசு குடுத்து வாங்குனே?" என்றார். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர், சரியாகத்தான் கேட்டார்.

பெட்டிகள் பதுளை ரயிலில் வந்தன. மொனிட்டருக்கு ஜன்னல் ஓர இருக்கை. தம்பி தலவாக்கலை வரை நின்றுகொண்டே வந்தார். அங்கிருந்து டயகம பஸ்ஸில் மதர்போர்டை மடியில் வைத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியம்மா கேக் என்று நினைத்து, "யாருக்கு தம்பி பொறந்தநாளு?" என்று விசாரித்தார்.

பொருத்தும் இரவு லயத்துக்கே இரவு. காம்பராக்களுக்கு இடையில் சுவர் கூரை வரை எட்டாததால், பார்க்க வராதவர்களும் சுவருக்கு மேலால் கலந்துகொள்வார்கள். யூடியூப்பில் சென்னைக்காரர் ஒருவர் உடம்பில் நிற்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் பார்ட்ஸைத் தொட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்கென்று கைப்பட்டி விற்கிறார்கள். தம்பி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தகரக் கதவைத் தொட்டுவிட்டு வந்தார். "ஏன்டா கதவ கதவ கும்புடுற?" என்று சுவருக்கு அப்பாலிருந்து மாமா கேட்டார். பிரோசசருக்கு மேலே பூசும் பசையைப் பயறு அளவு வைப்பதா, சிலுவை போல் கோடு இழுப்பதா என்று உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தம்பி பயறுதான் வைத்தார். பிறகு பயமாக இருந்ததால் இன்னொரு பயறு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எட்டடிக் காம்பராவில் புதிதாக ஒரு ஜன்னல் வைக்க வேண்டுமானால் தோட்டத்து ஒப்பீசுக்குப் போய் நிற்க வேண்டும். கூரைத் தகரம் ஒழுகினால் துரைக்குச் சொல்ல வேண்டும். நிலம் கம்பனி பாவிப்பது, லயம் வெள்ளைக்காரன் காலத்தது, 7 பேர்ச் காணியும் வீடும் ஒவ்வொரு எலக்சனுக்கும் வருகிற கதை. அப்படியான வீட்டில் ஒருவர், எந்த ஆணி எந்த ஓட்டைக்கு என்பதைத் தானே தீர்மானித்து, யாரிடமும் கடுதாசி வாங்காமல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் அன்றிருந்த மிதப்பைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டி முடித்தபோது வந்தது.

சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது, லைட் ஏழு நிறத்தில் ஓடியது, லயமே "ஆ" என்றது. மொனிட்டர் மட்டும் கறுப்பு. ரேமைக் கழற்றிப் போட்டார். கதவைத் தொட்டார். காரணம் இதுதான்: அவர் வாங்கியது ஐ5-12400எஃப். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த எஃப், பிரோசசருக்குள் படம் காட்டும் பகுதி வேலை செய்யாது என்பதற்கு அடையாளம். அதனால்தான் விலையும் குறைவு. படம் கார்டிலிருந்து மட்டுமே வரும். தம்பி வயரைச் செருகியிருந்தது மதர்போர்டில். ஒரு மணி நேரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னப் பயல், "அண்ணே, கீழயும் அதே மாதிரி ஓட்ட இருக்குதே?" என்றான். தம்பி அவனை முறைத்துவிட்டு வயரை மாற்றினார். படம் வந்தது. பயலுக்கு ஒரு டொபி கூடக் கிடைக்கவில்லை.

அடுத்தது கேம். 2020 மே மாதம் எபிக் கம்பனி ஜீ.டி.ஏ. 5ஐச் சும்மா கொடுத்தபோது தம்பி ஃபோனிலேயே அதைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். ஆகவே பெட்டி வருவதற்கு வருசக்கணக்கில் முன்பே கேமுக்குச் சொந்தக்காரர். ஆனால் இறக்குவதற்கு அது 100 ஜீ.பி.யை ஒட்டிய சுமை. நள்ளிரவுக்குப் பிறகு ஓடும் நைட் டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக, மழை பெய்தால் சிக்னல் இல்லாமல், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெய்வாதீனமாக இறங்கி முடிந்தது. அதை எவ்வளவு விளையாடினார் என்று கேட்டுப் பாருங்கள். செக்கனுக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் எஃப்.பி.எஸ். எண்ணை மூலையில் ஓடவிட்டு, ஒரு தெருவில் காரை நிறுத்தி, நிழலைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். மனம் நிறைய விளையாட வேண்டுமானால் பீசீஎஸ்எக்ஸ்2 என்ற புரோகிராமைத் திறக்கிறார். அது கொம்பியூட்டருக்குள் பீ.எஸ்.2ஐ ஓட்டுவது. அதில் பழைய வின்னிங் இலெவன் ஃபுட்போல்.

பெட்டியின் புகழ் வேறு வழியாகப் பரவியது. லைட்டைப் பார்த்த கோயில் தலைவர், "திருவிழாவுக்கு ரெண்டு நாளு அம்மன் பக்கத்துல வச்சா என்னா தம்பி?" என்று கேட்டார். ஆனால் உண்மையான பக்தர் அப்பாயிதான். ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து குளிர் இறங்கும் மாலையில் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சூடு வரும் என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். கொழும்பில் இருப்பவர்கள் அந்தச் சூட்டைத் தணிக்கக் காசு செலவழிக்கிறார்கள். இங்கே அதற்கு முன்னால் பலகைக்கட்டை போட்டு, கம்பளியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் பில்லைப் பார்த்து அம்மா சத்தம் போடும்போதெல்லாம், "புள்ள படிக்கிறான், விடு" என்று முதலில் குரல் வருவது அங்கிருந்துதான்.

போன ஞாயிறு கீழ் டிவிசனிலிருந்து ஒரு பொடியன் சீ.ஆர். கொப்பியோடு வந்தான். பட்டியலைத் தம்பி மேலிருந்து கீழ் வரை படித்தார். பவர் சப்ளையில் ஒரு வட்டம் போட்டார், கார்டை அடித்தார், ஃபேனில் ஒன்றைக் கூட்டினார்.

"வீட்டுல விட மாட்டேங்கிறாங்கண்ணே."

"ஒங்க வீட்டுல அப்பாயி இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே."

"கைகால் குளிருதுன்னு சொல்லுவாங்களா?"