கலியாணப் பூக்காரரைத் தெரிதல்: வாவிக்கரை ஆய்வு

மாப்பிள்ளை தெரிவதற்குச் சாத்திரம் உண்டு. பூக்காரரைத் தெரிவதற்கு இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். ஆனால் தலைவியும் தோழியும் தாங்களே பறித்துப் பாறையில் குவித்துவிட்டதால் முற்பணம், ஓட்டோக் கூலி முதலிய முக்கிய விடயங்கள் அந்நூலில் விடுபட்டுப் போயின. அக்குறையை மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து தீர்க்க முனைகிறோம்.

இத்துறையில் இரு மரபுகள். அல்பம் மரபினர் கைபேசிப் படம் பார்த்து மணவறை தெரிவர். படத்திலிருப்பது நுவரெலியா ரோசாவா, துணிப்பூவா என்று ஆராயமாட்டார்கள். பெத்தா மரபினர் மாலையை மூக்கருகே கொண்டுபோய், நாரை நகத்தால் நெருடி, “இது நேத்துக் கட்டினது மனே” என்று தீர்ப்பளிப்பர். அதற்கு மேன்முறையீடு கிடையாது.

அடுத்தது காலம். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்கள் கதவு திறக்கும். அப்போது பூக்காரருக்கு அம்மன் முதல், மணப்பெண் பிறகு. ஆனியில் கச்சான் காற்று. விடியக் கட்டிய மல்லிகை பத்து மணி முகூர்த்தத்தில் பொரித்த வெங்காயம் போலிருக்கும். மாலையை ஈரத்துணியில் சுற்றி, வாழையிலையில் மடித்து, றெஜிபோம் பெட்டியில் கொண்டுவருபவர் உண்டு; ஓட்டோக் கம்பியில் தொங்கவிட்டு வருபவரும் உண்டு. கேட்கும் காசு என்னவோ ஒன்றுதான்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போன மாலைகள் ‘பாதை’ என்னும் மிதவையிலேறி வாவியைக் கடந்தன. பிந்தினால் பாதையைச் சாட்டலாம். பாலம் வந்து அந்தச் சாட்டைக் கெடுத்தது. இப்போது “போனில சார்ஜ் இல்ல” என்கிறார்கள்.

பிந்துவது இங்கே சின்ன விடயமல்ல. மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியேறும் வழக்கமுள்ள பகுதி இது. வரும் நாளில் வாசல் தோரணம் இன்னும் கட்டாமலிருந்தால் அதை அவர் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவார். மாமியார் அதே வீட்டிலிருந்து கேட்க வேண்டும்.

விலை ஆய்வு குறைபாடுடையது. “எவ்வளவு அண்ணன்?” என்ற கேள்விக்குக் கிடைப்பதெல்லாம் “மறுகா பாப்பம் தம்பி” தான். இதைக் ‘கூட வரும்’ என்று கொள்வதே அறிஞர் வழக்கம்.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்களே, மணவறையின் நிறத்தைக் கேட்பவரை விடுங்கள். முகூர்த்தம் எத்தனை மணிக்கென்று முதலில் கேட்பவருக்கு முற்பணம் கொடுங்கள். மிச்சக் காசை, மாலை கழுத்தில் ஏறிய பிறகு கொடுங்கள்.