‘ம்’ என்றது யார்?

டெலிபிரிண்டரால் சோறு தின்றவன் நான். திண்டுக்கல் தந்தி ஆபீசில், தந்தியை அடித்து அனுப்பும் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தது. அந்தப் பெட்டியைச் செய்வதற்கென்றே 1960-ல் கிண்டியில் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்று ஒரு அரசுக் கம்பெனி வந்தது என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். 2013 ஜூலையில் தந்திக்கே காரியம் பண்ணிவிட்டார்கள். இனி எந்த இயந்திரமும் நம்மை அவமானப்படுத்தாது என்று குஜிலியம்பாறைக்கு வந்து முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். செத்த டெலிபிரிண்டர் என் பையனின் மடிக்கணினிக்குள் ஆவியாகக் குடியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

அவன் பிளஸ் டூ படிக்கையில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் அதில் உண்டு. வேலை கிடைத்து அவனுக்குக் கம்பெனி மடிக்கணினி வந்ததும் பழையது எனக்கு வந்தது. அவனுடைய பழைய சட்டைகளும் அந்த வழியாகத்தான் வரும்.

லினக்ஸில் ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கிறது. டெர்மினல் என்பார்கள். அதில் ‘டிடிஒய்’ என்று அடித்தால் நாம் உட்கார்ந்திருக்கும் டெர்மினலின் பெயரைச் சொல்லும். அது டெலிடைப்பின், அதாவது நம் டெலிபிரிண்டரின், சுருக்கம் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த பெருமை ராத்திரிச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் கணினியோடு பேசுவதற்கு நிஜ டெலிடைப்தான். மாடல் 33 என்ற ரகம் வினாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நிரல்களோ இன்னும் அதனிடம்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. அந்த நம்பிக்கை கெடாமலிருக்க, லினக்ஸின் உள்மையமான கெர்னல் ஒரு நாடகம் போடுகிறது. அதுதான் இரண்டு முனை வைத்த போலி டெர்மினல். ஒரு முனை ஜன்னலின் கையில், மறு முனை உள்ளே ஓடும் நிரலின் கையில். இங்கே எழுதினால் அங்கே போகும், அங்கே எழுதினால் இங்கே வரும்.

நடுவில் ‘லைன் டிசிப்ளின்’ என்று ஒரு ஆள். அந்த ஆளை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

நானும் பையனும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் கிடையாது, வழக்கம் அப்படி. நான் சுவரைப் பார்த்து “அவன் சாப்பிட்டானா?” என்பேன். வீட்டம்மா “ம்” என்பாள். பையன் காதில் விழுந்துவிட்டதாக நான் எடுத்துக்கொள்வேன். டெர்மினலிலும் இதே கதைதான். ‘ஸ்லீப் 100’ என்று அடித்துவிட்டு, அது தூங்குகிற நேரத்தில் எதையாவது தட்டிப் பாருங்கள். எழுத்துகள் ஜோராகத் திரையில் வரும். நிரல் ஒரு எழுத்தைக்கூடப் படித்திருக்காது. ‘ம்’ கொட்டியது நடுவில் இருக்கும் ஆள். இது தெரியாமல் நான் தூங்குகிறவனுக்கு ஒரு பக்கம் நிறையக் கட்டளை எழுதியிருக்கிறேன்.

என்டர் தட்டும்வரை அந்த ஆள் வரியைக் கையிலேயே பிடித்து வைத்திருப்பார். அழிக்கலாம், திருத்தலாம், நம் அசட்டுத்தனம் மறுபக்கம் போகாது. “அந்தத் தடிமாட்டை எழுப்பு” என்று நான் சொன்னதும் “அப்பா கூப்பிடறாருப்பா” என்றுதான் போய்ச் சேருகிறது. கடவுச்சொல் கேட்கிற நேரத்தில் மட்டும் ‘ம் கொட்டாதே’ என்று நிரல் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடும். திரையில் ஒன்றும் வராததைப் பார்த்து, விசைப்பலகை போய்விட்டது என்று ஊதி, துண்டால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லி ஓங்கி அடித்தேன். என் கடவுச்சொல் இப்போது தெருவுக்கே தெரியும்.

சில விசைகள் எழுத்தாகவே போவதில்லை. கன்ட்ரோல்-சி அடித்தால் நடு ஆள் அதை விழுங்கிவிட்டு, ஓடுகிற நிரலுக்கு ‘நிறுத்து’ என்று சமிக்ஞை அனுப்புவார். கன்ட்ரோல்-எஸ் என்றால் திரைக்கு வருவதை நிறுத்தி வைப்பார், கன்ட்ரோல்-க்யூ என்றால் திறந்துவிடுவார். டெலிடைப் காலத்து ஏற்பாடு. நான் சேமிப்பதாக நினைத்து கன்ட்ரோல்-எஸ் அடித்தேன். திரை அப்படியே நின்றது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் பழுது பார்க்கும் பையனிடம் மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். அவன் அசட்டையாக இரண்டு விசையைத் தட்டினான். அதுவரை நான் அடித்து வைத்ததெல்லாம் மளமளவென்று அவன் கண் முன்னால் வந்து விழுந்தது, மடிக்கணினியை நான் திட்டியது உட்பட.

ஜன்னலைப் பெரிதாக்கினால், இத்தனை வரி, வரிக்கு இத்தனை எழுத்து என்று அது கெர்னலிடம் பதிந்து வைக்கும். கெர்னல் நிரலிடம் ‘அளவு மாறிடுச்சு’ என்று மட்டும் தட்டிச் சொல்லும். எவ்வளவு என்று நிரல்தான் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் “அப்பா வந்துட்டாரு” என்பதோடு சேதி முடிந்துவிடும். என்ன மூஞ்சியோடு வந்திருக்கிறேன் என்பதைப் பையனே எட்டிப் பார்த்துக்கொள்வான்.

ஜன்னல் பக்கத்துக்கும் நிலவரம் தெரிய வேண்டுமென்றால் ‘பாக்கெட் மோட்’ உண்டு. படிக்கும்போது முதல் பைட் பூஜ்யமாக இருந்தால் பின்னால் வருவது தகவல். வேறு எண் என்றால் தகவல் கிடையாது, நிலைமை மாறியிருக்கிறது என்று அர்த்தம்: ஓட்டம் நின்றது, மறுபடி தொடங்கியது, தேங்கியது கொட்டப்பட்டது. வீட்டம்மா “ஏங்க” என்று ஆரம்பித்தால் பின்னால் விஷயம் வரும். “உங்களைத்தான்” என்று ஆரம்பித்தால் விஷயம் ஒன்றும் வராது. நிலைமைதான்.

கடைசியாக, ஜன்னலை மூடுவது. மூடினால் ஜன்னலின் கையிலிருந்த முனை போய்விடும். உள்ளே இருப்பவர்களுக்கு ‘ஹேங்-அப்’ சமிக்ஞை பறக்கும். தனியாக ஏற்பாடு செய்திருந்தால் ஒழிய ஓடிக்கொண்டிருந்த வேலை அங்கேயே செத்து விழும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பையன் குளிக்கப் போன சமயம், கறுப்பு ஜன்னல் ஒன்று சும்மா திறந்து கிடக்கிறதே, கரண்டு வீண் என்று அவன் கம்பெனி மடிக்கணினியில் அதன் பெருக்கல் குறியைத் தட்டி மூடினேன். முந்தின ராத்திரியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வேலையாம் அது.

ஈரத் தலையோடு வந்து பார்த்தவன், அன்றைக்கு என்னிடம் நேராகவே பேசினான்.