தேர் போனால் தார் என்ன செய்யும்?

ரோடு போடக் கம்ப்யூட்டர் எதற்கு? ரோலர் போதாதா?
*கட்டட மேஸ்திரி, ஏனாத்தூர்*

ரோலர் அழுத்தும். எத்தனை கனம் போடவேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் கரக்பூர் ஐஐடியில் உருவான ‘ஐஐடி-பேவ்’ மென்பொருள். ஒவ்வோர் அடுக்கின் கனம், விறைப்பு, சக்கரச் சுமை, டயர் அழுத்தம் எல்லாம் கொடுத்தால், இரண்டு இடத்தில் நாடி பிடித்துச் சொல்லும். ஒன்று, தார் அடுக்கின் அடிப்பக்கம். சக்கரம் ஏறும்போதெல்லாம் அது இழுபடும். லட்சக்கணக்கில் இழுபட்டால் விரிசல் விழும். மற்றொன்று, எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள மண்ணின் மேல்முகம். அது அமுங்கினால் மேலே சக்கரத் தடம் பள்ளமாகும். தடம் 20 மி.மீ. இறங்கினால் சாலை தோற்றது என்பது கணக்கு.

லாரியில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் குடியா முழுகிவிடும்?
*ஓட்டுநர், ஒரகடம்*

ரோட்டின் குடி முழுகும். அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டியே சோதித்தார்கள். அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு! நம் நாட்டில் நாலு டயர் அச்சின் வரம்பு 2018-ல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆனது. சுமை எட்டில் ஒரு பங்குதான் கூடியது. அதே கணக்கில் சேதம் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது.

வைகாசியில் காஞ்சிபுரம் வரதர் கோவில் தேர் மெல்லத்தானே நகர்கிறது. அதனால் ரோட்டுக்கு என்ன ஆகிவிடும்?
*நெசவாளர், பிள்ளையார்பாளையம்*

அருமையான கேள்வி. மெல்ல நகர்வதுதான் தாருக்குச் சோதனை. சட்டென்று அழுத்திவிட்டு எடுத்தால் தார் கல்லைப்போல் தாங்கும். நின்று அழுத்தினால் பாகைப்போல் நகரும். அதிலும் வைகாசி வெயில்! விஜி-30 ரகத் தார் போட்ட கலவையின் விறைப்பை 35 டிகிரியில் 2000 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 40 டிகிரியில் 1250தான். ஐஐடி-பேவ் தாரை ரப்பர்போல, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் பொருளாகவே பார்க்கிறது. தார் அப்படி முழுதாகத் திரும்புவதில்லை. அந்த மிச்சத்தைக் கணக்கில் பிடிப்பதுதான் ஆய்வாளர்களின் இன்றைய வேலை. சென்னை ஐஐடியிலும் நடக்கிறது. தேர் வருடத்தில் சில மணி நேரம்தான். பேருந்து தினமும் வந்து நிற்கிறதே, அந்த நிறுத்தத்தில் குனிந்து பாருங்கள், தடம் தெரியும்.

கணக்கு சரியென்றால் மழை விட்டதும் ரோடு ஏன் பெயர்கிறது?
*கல்லூரி மாணவி, ஏனாத்தூர்*

மண்ணை நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்த பலத்தைத்தான் கணக்கில் போடுகிறார்கள். ஆனால் தண்ணீர் தார்க் கலவைக்குள்ளும் இறங்கி, ஜல்லியிலிருந்து தாரை உரிக்கும். அது அந்தக் கணக்கில் இல்லை. ஏரிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. வடிகாலை அடைத்துவிட்டு எந்தக் கம்ப்யூட்டரிடம் போய் நிற்பது?

பழைய ரோட்டின் மேலேயே புதுசு போட்டால் பலம்தானே?
*இல்லத்தரசி, காஞ்சிபுரம்*

அடியில் விரிசல் இருந்தால் அது புது ரோட்டிலும் மேலேறி வரும். சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள், அம்மா. உங்கள் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போவதும் நிற்கும்.