டெமோவுக்கு ஒரு காது

கேள்வி: சொந்தமாகப் பாட்டுப் போடும் பொள்ளாச்சிப் பையன்கள் தங்கள் டெமோவை ஆடியோ கம்பெனிகளைக் கேட்க வைப்பது எப்படி?

பதில்: கதவைத் தட்டிக்கொண்டே நிற்காமல், உள்ளே இருப்பவர் எட்டிப் பார்க்கும்படி தெருவில் பாடலாம்! கோவைக்காரரான ராப் பாடகர் ஆதி அதைத்தான் செய்தார். 2011-இல் வானொலியில் அவர் பாடிய ‘கிளப்புல மப்புல’ யூடியூபில் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். 2013-இல் அனிருத் இசையில் ‘எதிர்நீச்சல்’ பாட்டில் அவர் குரல். 2015-இல் ‘ஆம்பள’ படத்துக்கு ஆதியும் ஜீவாவும் சேர்ந்த ‘ஹிப்ஹாப் தமிழா’ இரட்டையரே இசை.

டெமோவும் அனுப்பத்தான் வேண்டும். பத்துப் பாட்டு வேண்டாம், ஆகச் சிறந்த இரண்டு போதும். முன்னிசையை நீட்டாமல் அரை நிமிடத்துக்குள் குரல் வந்துவிடட்டும். கனமான கோப்புக்குப் பதில் தட்டியதும் ஒலிக்கும் லிங்க் நல்லது. பெயரும் போன் எண்ணும் மறக்கக் கூடாது.

கம்பெனி கூப்பிட்டதும் கையெழுத்துக்கு அவசரம் வேண்டாம். பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பணத்தை வசூலித்துத் தருவது ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு. முதல் பாட்டு வெளிவரும்போதே அதில் உறுப்பினராகிவிடுவது புத்திசாலித்தனம்.