மொறிஸ் மைனருக்கு வேர்க்குது

ஸ்காபரோவில் எங்கள் அண்ணைக்கு இரண்டு கார்கள். வேலைக்கு ஓடித் தேய்வது வெளியே பனியில் நிற்கும். கராஜுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு ஒரு பழைய மொறிஸ் மைனர் படுத்திருக்கும். பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய வம்சம் அல்லவா!

வசந்தத்தில் ஒருநாள் நல்ல வெயில். காருக்குக் காற்றோட்டம் கொடுக்க அண்ணை கராஜ் கதவை அகலத் திறந்தார். பின்னேரம் ஃபோன்.

"தம்பி, நிலம் வேர்க்குது. காருக்குக் கீழ ஒரே வெள்ளம்!"

நிலத்தடித் தண்ணீர் என்பது அவர் தீர்ப்பு. பொலித்தீன் துண்டொன்றைக் கொங்கிறீற்றில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒருநாள் விடச் சொன்னேன். அடியில் நனைந்தால் நிலத்து ஈரம். மேலே நனைந்தால் காற்றின் ஈரம். மேலேதான் நனைந்திருந்தது. மாரி முழுக்க விறைத்த கொங்கிறீற் லேசில் சூடேறாது. 20 பாகை செல்சியஸில் 60 வீத ஈரப்பதன் உள்ள காற்று, 12 பாகையில் கிடக்கும் எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். அந்தக் காற்றுக்குக் கதவு திறந்துவிட்டவர் யார் என்று நான் கேட்கவில்லை.

அண்ணையின் அடுத்த வைத்தியம் புரொப்பேன் ஹீற்றர். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் பிறக்கும். புகைபோக்கி இல்லாத ஹீற்றர் அவ்வளவையும் கராஜுக்குள்ளேயே கக்கும், கூடவே நச்சுப்புகையும் வரலாம்.

"அப்ப காரைக் கொஞ்ச நேரம் ஸ்ராட் பண்ணி விடட்டே?"

ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர். அதில் கொஞ்சம் குளிர்ந்த சைலன்சருக்குள் தங்கித் துருவேற்றும் என்றேன். அண்ணை கொஞ்சநேரம் என்னோடு கதைக்கவில்லை.

வெக்கையும் ஈரமுமான நாளில் கதவைச் சாத்தி வைத்து, ஒரு விசிறியை ஓடவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பொலித்தீன் மட்டும் விரித்தால் அதன் மேலேயே வேர்க்கும். கெட்டியான ஃபோம் பலகையும் அதன்மேல் பிளைவூட்டும் போட்டால் கொங்கிறீற்றின் குளிர் மேலே எட்டாது. இவ்வளவு மலிவான வழி அண்ணைக்குப் பிடிக்குமா? ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். கொம்பிரசர் வகை. குளிர் கராஜில் அதன் சுருளில் பனி கட்டி, மெஷினே விறைத்துப்போனது.

வீட்டுக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "எத்தினை வருசமா பேஸ்மென்ற் பூஞ்சணம் மணக்குது. அதுக்கு ஒரு மெஷின் வந்ததோ?"

மெஷின் அன்றைக்கே பேஸ்மென்றுக்கு இறங்கியது. கராஜை விடச் சூடான அங்கே உற்சாகமாக ஓடுகிறது. நிறைகிற வாளியைப் படியேறிக் கொண்டுபோய் ஊற்றுவது மட்டும் அண்ணையின் பொறுப்பு.