போதகர் சொன்னால் போதுமா?

கேள்வி: எங்கள் போதகர் பைபிளில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மறைபொருள் சொல்கிறார். கேட்கக் கேட்க மெய்சிலிர்க்கிறது. அப்படியே நம்பலாமா?

பதில்: சிலிர்ப்பு வேறு, சான்று வேறு. அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங், ‘இன்னும் 7 நாளில் மழை’ என்று நோவாவுக்கு வந்த எச்சரிக்கையை எடுத்தார். கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருடம் போல என்ற பேதுருவின் வாக்கை அதோடு முடிச்சுப் போட்டார். 7 நாள் 7,000 ஆண்டானது. தாமே குறித்த ஜலப்பிரளய ஆண்டான கி.மு. 4990இலிருந்து எண்ணி, 2011 மே 21இல் நியாயத்தீர்ப்பு என்றார். நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு. சேமிப்பை விளம்பரத்தில் கொட்டியவர்கள் உண்டு. மே 22 வழக்கம்போல் விடிந்தது. மறு ஆண்டு அவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பால் கரைந்த சேமிப்பு நிரம்புமா?

உவமைக்கு உட்பொருள் உண்டு. விதைக்கிறவன் உவமையை இயேசுவே விளக்கினார். ஆனால் வசனத்தில் இல்லாததை நாமே உள்ளே வைத்துவிட்டு, தோண்டி எடுத்ததாகச் சொல்வது ஆபத்து.

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் அவர்களைப் பாராட்டுகிறது. பவுலுக்கே பரீட்சை என்றால், உங்கள் போதகர் எம்மாத்திரம்? அடுத்த ஞாயிறு அவர் காட்டும் வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வசனம் படியுங்கள். பாதி மறைபொருள் அங்கேயே மறைந்துவிடும்.